மூன்றாம் ஓலை

ஓணான்மலைப் பங்குக் கோயிலில் கல்யாணத்துக்கு மூன்று ஓலை வாசிப்பதுபோலச் சாவுக்கும் மூன்று ஓலை வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள். பூசை முடியப்போகும் நேரத்தில் பங்குச்சாமி செத்தவர் பெயரைப் படித்துவிட்டு, இந்தச் சாவுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பார். மூன்றாவது ஞாயிறும் யாரும் எழுந்து நிற்காவிட்டால் செத்தவர் செத்தவர்தான். அதுவரை அவர் ஓலையில் இருப்பார்.

ஓலையில் இருப்பவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். நாற்காலியில் உட்காரலாம், குளிக்கலாம், யாராவது கும்பிட்டால் தலையை ஆட்டலாம். சாப்பாடு மட்டும் கிடையாது. அவருடைய தாடி வளராது.

பிலவேந்திரனின் அண்ணன் இன்னாசி இரண்டு ஞாயிறாக ஓலையில் இருந்தார்.

பிலவேந்திரன் டவுனில் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். வயது ஐம்பத்து நான்கு. வருகிற பஸ்ஸையும் போகிற பஸ்ஸையும் பென்சிலால் குறித்துக்கொள்வார். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இன்னாசிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் பிலோமிக்கு அப்போது ஞானஸ்நானம். பிலவேந்திரன்தான் ஞானத்தகப்பன் என்று முடிவாகியிருந்தது. ஆனால் இன்னாசி அதைப் போனில் சொல்லிவிட்டார். ஞானத்தகப்பனை வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். பிலவேந்திரன் கோயிலுக்குள் போகவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை சந்தியாகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, ஞானத்தகப்பன் இடத்தில் நின்று மெழுகுவத்தியைப் பிடித்தார்.

இந்தத் தடவையும் இன்னாசி முதலில் போன்தான் செய்தார்.

"பிலவேந்திரா, நான்தாம்ல."

"ம்."

"செவ்வாக்கெழம செத்துட்டேன். நெஞ்சுவலி. வார ஞாயித்துக்கெழம மொத ஓல."

"இது போன்ல சொல்லுத விஷயமா?" என்றார் பிலவேந்திரன். போனை வைத்துவிட்டார். முதல் ஓலைக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், ஊர் இருக்கிறது. யாராவது எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தார். யாரும் நிற்கவில்லை.

இரண்டாவது வாரம் ஏழு நாற்பது பஸ்ஸில் சந்தியாகு வந்து இறங்கினார். "ரெண்டாவது ஓலைக்கு ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாவ."

"ஆள் விட்டு அழைக்காவளோ?"

"செத்த மனுசன் எப்படி வருவாவ?"

"ஓலையில இருக்கவன் நடக்கலாம்லா?"

சந்தியாகு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். பிலவேந்திரன் நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஏழு ஐம்பத்திரண்டு.

மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, இன்னாசியும் மனைவி மதலேனாளும் முறைப்படி பிலவேந்திரனின் வீட்டுக்கே வந்தார்கள். அவர் டூட்டியில் இருந்தார். எதிர்வீட்டுக்காரி தட்டை வாங்கி வைத்திருந்தாள்.

"அர மணி நேரம் இருந்தாவ. காப்பி குடுத்தேன். ஓலையில இருக்கேன், குடிக்கக் கூடாதுன்னுட்டாவ. ஒங்க மதினி மட்டும் குடிச்சாவ."

பிலவேந்திரன் தட்டைச் சோதித்தார். வெற்றிலை, பாக்கு, பழம், அச்சடித்த அட்டை. அட்டையில் அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். எவ்வளவு தேடியும் குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. இனிப் போகாமலிருக்க ஒரு காரணமும் கையில் இல்லை. போய்ச் சேருவதற்குள் அண்ணன் செத்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மலையடிவாரத்தில் இறங்கினார். பூசை பத்தரைக்கு. மேலே கோயில் ஒரு வெள்ளைப் பல்லைப்போலத் தெரிந்தது. அடிவாரத்தில் ஒருவன் ஏணியில் நின்று, படிகளின் எண்ணிக்கை எழுதிய பலகையில் பழைய எண்ணை அழித்துக்கொண்டிருந்தான்.

"எத்தன படி?" என்று கேட்டார் பிலவேந்திரன்.

"ஒங்களுக்கா? ஆயிரத்து நூத்திப் பத்து."

"முந்நூறுன்னுலா சொல்லுவாவ."

"அது மொத ஓலைக்கு வந்தவுகளுக்கு. ரெண்டாவதுக்கு அறுநூறு." அவன் தூரிகையைப் பெயிண்டில் முக்கினான். "பதினோரு வருஷத்துக்கு முன்னால வந்திருந்தா எம்பது படிதான். செருப்பக் கூடக் கழட்ட வேண்டாம்."

"ஒமக்கு யாரு சொன்னா?"

"போர்டு எழுதுதவனுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

பிலவேந்திரன் ஏறத் தொடங்கினார்.

வழிநெடுகச் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மண்டபம். உள்ளே ஆளுயரச் சுண்ணாம்புச் சிலைகள். இரண்டாம் நிலையில் ரோமானியப் போர்வீரன் ஒருவன் கேடயத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிலவேந்திரனைக் கண்டதும் கையை மறைத்துக்கொண்டான்.

"மணி என்ன?"

"ஏழு இருவத்தஞ்சு."

"எட்டுக்குத்தான் ஆளு வரும்னு நெனச்சேன். யார்ட்டயும் சொல்லிராதிய."

பிலவேந்திரன் சொல்வதில்லை என்றார். சொல்லாமலிருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

ஓணான்மலை காட்சிக்குப் பேர்போனது. வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்கள்கூட இங்கே ஒரு மணி நேரம் நிற்கும். வளைவுக்கு வளைவு ஒரு காட்சிமுனை. ஒவ்வொன்றிலும் கம்பித்தடுப்பும் ஒரு காவலாளியும். காட்சியைப் பார்க்காமல் மேலே விடமாட்டார்கள்.

முதல் காட்சிமுனையில் காவலாளி ஒரு வயதான ஆள். காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"பாத்தாச்சா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

"சும்மா சொல்லக் கூடாது. என்ன பாத்திய?"

பிலவேந்திரன் மறுபடி பார்த்தார். கீழே குளம் நிறைந்து கிடந்தது. அதன் கரையில் பனைகள் தலைகீழாகவும் நேராகவும் நின்றன. ரயில் ஒன்று நெல்வயல்களை நடுவே கிழித்துக்கொண்டு போனது. அதற்கப்பால் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றின. உண்மையிலேயே அழகாக இருந்தது. அண்ணனோடு சின்ன வயதில் இதைப் பார்த்திருக்கிறார். அப்போது காற்றாலைகள் இல்லை. அதைச் சொன்னார்.

"சரி, போங்க" என்றார் காவலாளி.

இரண்டாவது காட்சிமுனையில் காவலாளி ஒரு பெண். அங்கே குளத்தைக் காணவில்லை. கம்பித்தடுப்புக்குக் கீழே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டவுன் பஸ் ஸ்டாண்டு, கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. டைம் கீப்பர் மேசையில் பிலவேந்திரனே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாதிரி இருந்தது. பஸ்ஸிலிருந்து இன்னாசி இறங்கினார். பின்னால் தட்டோடு மதலேனாள். இருவரும் மேசைப் பக்கம் திரும்பினார்கள். மேசையிலிருந்த பிலவேந்திரன் சட்டென்று குனிந்தார். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டு போனார்கள்.

"என்ன பாத்திய?" என்று கேட்டாள் காவலாளி.

"பஸ் ஸ்டாண்டு."

"வேற?"

"ஒருத்தர் குனிஞ்சு பென்சில் தேடுதார்."

"பென்சில் கெடச்சுதா?"

பிலவேந்திரன் மறுபடி கீழே பார்த்தார்.

"பாத்து ஒழுங்காச் சொல்லுங்க."

"பென்சில் காதுல இருந்துது" என்றார் பிலவேந்திரன்.

"போங்க" என்றாள் அவள்.

ஐந்தாவது வளைவில் ஓலை அலுவலகம் இருந்தது. அதற்குச் சுவர்கள் இல்லை. கதவு மட்டும் இருந்தது. பிலவேந்திரன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு மேசை, ஒரு குடை, குடைக்குக் கீழே கிளார்க் பர்னபாஸ்.

"தட மனுவா?"

"ஆமா. எங்க அண்ணன் இன்னாசிக்கு."

"தம்பியா? ரெண்டு வாரமா ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்."

"வேற யாரும் மனு போடலியா?"

"ஊரே வந்துச்சு. கூடப்பொறந்தவன் இருக்கையில நாம முந்தக் கூடாதுன்னு அப்படியே எறங்கிப் போயிட்டாவ. ஒங்க மதினிகூட இந்தக் கதவு வரைக்கும் வந்தாவ." பர்னபாஸ் ஒரு படிவத்தை எடுத்தார். அது கல்யாணப் படிவம். கல்யாணம் என்று இருந்த இடங்களிலெல்லாம் கோடடித்துச் சாவு என்று எழுதியிருந்தது. "இவுகளுக்கு முன்னால வேற சாவு ஏதும் உண்டுமா?"

"இல்ல. இதான் மொதல்."

"நெருங்கின ரத்த ஒறவா?"

"யாருக்கும் யாருக்கும்?"

"இவுகளுக்கும் சாவுக்கும்."

பிலவேந்திரன் யோசித்தார். "எங்க அப்பாவும் நெஞ்சுவலியிலதான் போனாவ."

"அதுக்கு பிஷப் விலக்கு குடுத்துருவாவ. நிக்காது. சரி, அண்ணனக் கட்டாயப்படுத்திச் சாக வைக்காவளா?"

"தெரியாது."

"கேக்கலியா?"

"நாங்க பேசிக்கிடுறதில்ல."

பர்னபாஸ் பேனாவை வைத்தார். "எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"அவுகட்ட சொல்லாம வச்சிருக்கது ஏதும் உண்டுமா?"

பிலவேந்திரன் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். "ஒண்ணு உண்டு. அன்னைக்கு நான்..."

"சொல்லாதிய!" பர்னபாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காதை மட்டும் திறந்தார். "சொல்லாத பேச்சு. அண்ணாச்சி, மத்த எதுவும் நிக்காது, இது நிக்கும். சாமி கேக்கும்போது எந்திரிங்க. சொல்லாத பேச்சு ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. என்னன்னு வாயத் தொறக்காதிய. நீங்க சொல்லாம இருக்க வரைக்கும் அவுக போக முடியாது. சொல்லிட்டியன்னா தட வெலகிரும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது ஒங்க வாயப் பொறுத்தது."

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பர்னபாஸ் கதவைத் திறந்து அவரை வெளியே அனுப்பினார். பிலவேந்திரனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவர். இன்னும் இருபது வருஷம் மூடிக்கொண்டிருக்க அவரால் முடியும். உலகத்தில் அவரால் நன்றாகச் செய்யமுடிந்த காரியம் ஒன்று அண்ணனைக் காப்பாற்றப் போகிறது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். படிகளும் இரண்டிரண்டாகக் கூடின.

ஒன்பதாவது வளைவில் ஒரு பெண் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தடவி விற்றுக்கொண்டிருந்தாள். ரோணிக்கம்மாள் என்று கூடையில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒருவர் கம்பித்தடுப்பில் சாய்ந்து நின்றார். அவர் காதுக்கும் கம்பிக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது.

"மூணாவது ஓலைக்கா போறிய?" என்றாள் ரோணிக்கம்மாள். "என்ன தட?"

"சொல்லாத பேச்சு."

"அதான் நல்லது. நானும் அதான் போட்டேன். இவுகதான் என் வீட்டுக்காரவுக, ஞானப்பிரகாசம். பத்தொம்பது வருஷமா ஓலையில இருக்காவ. ஒரு கொறையும் இல்ல."

ஞானப்பிரகாசம் கண்ணை மட்டும் திருப்பினார். தலையைத் திருப்பினால் வலை அறுந்துவிடும் என்பதால்தானோ என்னவோ. "அண்ணாச்சி, அவள சொல்லச் சொல்லுங்க."

"சும்மா இரிங்க" என்றாள் அவள்.

"என்ன விஷயம்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று பிலவேந்திரன் அவரைக் கேட்டார்.

"தெரியாது. பத்தொம்பது வருஷமா யோசிக்கேன். ஆரம்பத்துல கெட்ட விஷயமா இருக்கும்னு நெனச்சேன். இப்பல்லாம் நல்ல விஷயமா இருக்குமோன்னு தோணுது. அதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"வலிக்கா?"

"வலிக்கல. காட்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே காட்சில்லா?"

ரோணிக்கம்மாள் கத்தியை மாங்காயில் வைத்தபடி நின்றாள். "சொன்னா போயிருவாவ" என்றாள். பிலவேந்திரனிடம்தான் சொன்னாள், ஆனால் கண்கள் கூடையைப் பார்த்தன. "நாக்கு நுனி வரைக்கும் வரும். வந்ததும் ஒரு மாங்காயத் தின்னுருவேன்."

அவளுடைய பற்கள் புளிப்பில் தேய்ந்து மணல்போலாகியிருந்தன. பிலவேந்திரன் ஒரு கீற்று வாங்கிக்கொண்டு நடந்தார். தின்னவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வழியில் நின்ற ஆடு அதை வாங்கிக்கொண்டது.

பதினோராம் நிலைக்குப் பிறகு கோயில் பின்வாங்கத் தொடங்கியது. பத்துப் படி ஏறினால் பதினைந்து படி தள்ளிப்போனது. மணி பத்து ஆகிவிட்டது. முதல் மணி அடித்தது. பிலவேந்திரன் நின்று மூச்சு வாங்கினார். அண்ணனைக் கம்பித்தடுப்பில் சாய்த்து நிறுத்திவைப்பதை நினைத்துப் பார்த்தார். அண்ணன் ஒரு இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. படம் பார்க்கப் போனால் இடைவேளைக்குமேல் உட்காரமாட்டார். பிறகு அண்ணன் இல்லாமலிருப்பதை நினைத்துப் பார்த்தார். அது இன்னும் சிரமமாக இருந்தது. பதினோரு வருஷம் பேசாமலிருக்க முடிந்ததற்குக் காரணமே, எந்த நாளிலும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்ததுதான்.

அப்படி நினைத்ததும் படிகள் முடிந்துபோயின. கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கோயில் நிறைந்திருந்தது. இன்னாசி கடைசி பெஞ்சில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். பிலவேந்திரன் போய் உட்கார்ந்தார். அண்ணனிடமிருந்து சோப்பு வாசனை வந்தது.

"வந்துட்டியா" என்றார் இன்னாசி, பீடத்தைப் பார்த்தபடி.

"ம்."

"தட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது."

"கொற ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

"ஒங்க மதினிட்ட நாலு தடவ சொன்னேன், பாக்கு மறந்துராத, பிலவேந்திரன் பாக்கத்தான் மொதல்ல பாப்பான்னு." இன்னாசி இருமினார். "சாப்டியா?"

"இல்ல."

"பூசைக்கப்புறம் கீழ எல போடுதாவ. இருந்து சாப்ட்டுப் போ."

"யாரு வீட்டுச் சாப்பாடு?"

"யாரு வீடு? எனக்குத்தாம்ல."

"என்ன கொழம்பு?"

"நான் என்னத்தக் கண்டேன். நானா திங்கப் போறேன்?"

பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பேசுகிற பேச்சு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இருந்தாலும் இதுவே போதும்போல இருந்தது. இப்படியே தினமும் இரண்டு வார்த்தை பேசினால் இருபது வருஷத்துக்கு வரும். தான் சொல்லாததை மட்டும் சொல்லாமலிருக்க வேண்டும்.

பூசை முடியப்போகும் நேரம் வந்தது. பங்குச்சாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையைப் பிரித்தார்.

"ஓணான்மலைப் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற சூசை, மரியாகத்தம்மாள் ஆகியோரின் மூத்த மகன் இன்னாசிக்கும் சாவுக்கும் இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்."

பிலவேந்திரன் எழுந்து நின்றார். கோயில் முழுவதும் திரும்பியது. முன் பெஞ்சில் மதலேனாள் செபமாலையை உருட்டுவதை நிறுத்தினாள். ஊரே மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"என்ன தடை?"

"சொல்லாத பேச்சு ஒண்ணு இருக்கு சாமி."

சாமி தலையை ஆட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "முறைக்குக் கேக்கேன். இன்னாசி, இதைப் பத்தி நீர் ஏதும் சொல்ல வேண்டியது உண்டா?"

இன்னாசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அவன் சொல்லாதது எனக்குத் தெரியும் சாமி."

"தெரியாது சாமி" என்றார் பிலவேந்திரன். "அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வழியில்ல."

"தெரியும்ல. ஞானஸ்நானத்தன்னைக்கு நீ வந்திருந்த."

பிலவேந்திரன் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ எளநி வண்டி நிக்கும்லா, அதுக்குப் பின்னால நின்ன" என்றார் இன்னாசி. "நீலச் சட்ட. கையில ஒரு வெள்ளப் பை. பிள்ளைக்குக் கவுனு எடுத்துட்டு வந்திருக்கான்னு ஒங்க மதினிட்ட சொன்னேன்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லணும்? இங்கன நின்னு பாத்தா எல்லாந் தெரியும். பெறகு எதுக்கு இந்த மலைக்குப் பஸ் பஸ்ஸா ஆளு வருது?"

"பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

"பாதி மல எறங்கி வந்தேன். கூப்ட்டேன். மூணு தடவ. கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டுதுன்னு எனக்குந் தெரியும். வண்டிக்குப் பின்னால ஒந் தல அசைஞ்சுது."

"நாலாவது தடவ கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்."

"மூணு தடவதானல மொற" என்றார் இன்னாசி.

கோயிலில் யாரோ ஒருவர், ஆமாம், மூன்றுதான் முறை என்று மெல்லச் சொன்னார். சாமி பக்கத்துவாசலைப் பார்த்தார். அங்கே குடையை மடக்கிக்கொண்டு பர்னபாஸ் நின்றிருந்தார். "சொல்லியாச்சு சாமி. யாரு வாய்லேர்ந்து வந்தாலும் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

"வேற ஒண்ணு இருக்கு சாமி" என்றார் பிலவேந்திரன் அவசரமாக.

"சொல்லாததா?"

"சொல்லாதது. கொஞ்சம் பொறுங்க. இருக்கு." அவர் தேடினார். நிற்கிற இடத்திலேயே திரும்பித் திரும்பித் தேடினார். பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்தது ஒரு வீடு நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தார். "அண்ணன் சைக்கிள... அந்தப் பச்ச சைக்கிள நாந்தான்..."

"கெணத்துல தள்ளுன. தெரியும்" என்றார் இன்னாசி.

"நான் எஸ்எஸ்எல்சியில..."

"பெயிலு. அப்பாட்ட மறச்சதே நான்தானல."

"மதினி குடுத்துவிட்ட மீன்கொழம்ப..."

"நாய்க்கு ஊத்துன. அதுவும் தெரியும். மறுநா ஆளு வச்சுக் கேட்டேன். பிலவேந்திரா, எல்லாந் தெரியும்ல. ஒக்காரு."

"அண்ணன் இல்லாட்டா நான்..." என்று தொடங்கினார் பிலவேந்திரன்.

இன்னாசி சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவுந் தெரியும்" என்றார்.

கீழே பந்தியிலிருந்து குழம்பு வாசனை ஏறி வந்தது. குழந்தைகள் நெளிந்தன. எல்லாம் தெரிந்தவருக்குத் தடை போட வழி இல்லை என்றார் சாமி. அதைச் சொல்வது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பேனாவை மூடி அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னாசி வேட்டியை உதறி இறுக்கிக் கட்டினார். முன் பெஞ்சுக்குப் போய் மதலேனாள் முன்னால் நின்றார். அவள் எழுந்து அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வாரேன்" என்றார் இன்னாசி.

"வாரேன்னு சொல்லக் கூடாது" என்றார் சாமி.

"பழக்கம் சாமி."

மகள் பிலோமியின் தலையில் கை வைத்தார். அவள் அவர் இடுப்பு உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தாள். பிலவேந்திரன் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அவளுக்குத் தன் சாயல் இருப்பதைக் கவனித்தார்.

இன்னாசி மேற்குவாசல் பக்கம் நடந்தார். பிலவேந்திரனைத் தாண்டும்போது நின்றார்.

"அந்தக் கவுன இன்னும் வச்சிருக்கியோ?"

"வச்சிருக்கேன். பீரோவுல."

"யாருக்காவது குடுத்துரு. இவளுக்கு இனிப் பத்தாது."

மேற்குவாசலுக்கு வெளியே படிகள் கிடையாது. காட்சி மட்டும்தான். இன்னாசி கம்பித்தடுப்பைத் தாண்டி, வரப்பில் நடப்பதுபோல நிதானமாக அதற்குள் இறங்கினார். ஊர் முழுக்க வெளியே வந்து பார்த்தது. குளம் பளபளத்தது. காற்றாலைகள் சுற்றின. வெள்ளை வேட்டி நெல்வயல்களுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. போகப்போக ஒரு கொக்கு அளவுக்கு ஆனது.

பிலவேந்திரன் ஆட்களை விலக்கிக்கொண்டு கம்பித்தடுப்புக்கு வந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் நின்றவர்கள் அவருக்கு இடம் விட்டு விலகினார்கள்.

"அண்ணே!"

இன்னாசி போய்க்கொண்டிருந்தார்.

பிலவேந்திரன் மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு நின்றார். ஊர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தியாகு தொண்டையைச் செருமினார். மதலேனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிலவேந்திரன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலாவது தடவை கூப்பிட்டார். பிறகு ஐந்தாவது தடவை. அதற்குமேல் அவர் எண்ணவில்லை.

இன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருக்கும். அந்த மலையில் குரல் நன்றாகக் கேட்கும்.